காசு வாங்காத புனிதர்களின் பந்தி

அந்தத் தீவின் பெயர் இங்கே வேண்டாம். பத்திரிகைக்காரர்கள் அதை எழுதி எழுதித்தான், ஒரு தட்டு தக்காளிக்கும் வெள்ளரிக்காய்க்கும் ஒரு மனுஷனின் நாள் கூலியைக் கேட்கிற காலம் வந்தது. ஆதென்ஸை ஒட்டிய பிரேயுஸ் துறைமுகத்தில் விடியற்காலையில் புறப்படும் மெதுவான கப்பலில் ஏறினால் மத்தியானம் போய்ச் சேரலாம் என்று தெரிந்தால் போதும். அந்தக் கப்பலின் மேல்தளத்தில், புகைபோக்கிக்குப் பின்னால், காற்றுப் படாத பெஞ்சில் வருஷா வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு வயதான தம்பதியைப் பார்க்கலாம். சராந்திஸும் அவர் மனைவி கலியோப்பியும்தான் அது. மடியில் வீட்டிலிருந்து கட்டிக் கொண்டுவந்த கீரை அடை, காலடியில் சுருட்டிய இரண்டு போர்வை, ஒரு தண்ணீர் கேன். அவ்வளவுதான் அவர்களுடைய உல்லாசப் பயணம்.

சராந்திஸ் பெராமா கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நாடு கடனில் மூழ்கிய வருஷங்களில் எல்லோருக்கும் போலவே அவர் ஓய்வூதியத்திலும் கத்தரி விழுந்தது. ஆனால் அதற்கு முன்பே அவர் கஞ்சன்தான். கத்தரி வெறும் சாக்கு. அவர்கள் குடியிருக்கும் நிக்கேயா தெருவில், அவர் காபிக் கடைக்குள் நுழைவதைக் கண்டால் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்பார்கள். அங்கே துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாவு வீட்டார் காபிக் கடையில்தான் இலவசக் காபி கொடுப்பார்கள், அதனால் வந்த கேலி அது. அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிப்புக்குக் காசு கிடையாதே.

அப்படிப்பட்ட மனிதருக்கு அவ்வளவு விலையுள்ள தீவு எப்படிப் பழக்கமானது? இளவயதில் ஒருமுறை அந்தத் தீவுத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் பின்கதவு சிக்கிக்கொண்டு, அதைச் சரிசெய்யப் பட்டறையிலிருந்து இவரை அனுப்பினார்கள். வேலை முடிந்தது. வடகாற்று எழுந்து கப்பல் போக்குவரத்து நின்றது. கையில் காசு இல்லை, வயிற்றில் பசி. அப்போது ஊரே நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு மலைமேல் ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டு இவரும் பின்னால் போனார். மேலே ஒரு சின்ன வெள்ளைக் கோயில். புனித கோஸ்மாஸ், தமியானோஸ் என்ற இரட்டையர்களின் கோயில். உயிரோடு இருந்தபோது காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த மருத்துவர்கள் அவர்கள். பூசை முடிந்ததும் பக்கத்து நீளமான அறையில் அசனம் என்கிற ஊர்ப்பந்தி. வந்தவர் யார், எந்த ஊர், எதற்கு வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், இரவெல்லாம் மண்பானையில் அடுப்புக்குள் வெந்த கொண்டைக்கடலைச் சாறு, ஒயினில் வேகவைத்த ஆட்டுக்கறி, ரொட்டி என்று வயிறு முட்டப் போட்டார்கள். காசு வாங்காத புனிதர்கள், காசு கேட்காத பந்தி. சராந்திஸ் அன்றே அந்த இரட்டையர்களுக்குப் பக்தரானார்.

ஊர் திரும்பி, புதையல் கண்டவர் மாதிரி மனைவியிடம் சொன்னார். அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவறியதில்லை. தீவில் எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எந்த ரொட்டிக் கடையில் நேற்றைய ரொட்டியைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள், போன் சார்ஜ் போட எந்தக் கோயில் வாசலில் பிளக் இருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. தூங்குவது கடற்கரையில், வரிசையாக நிற்கும் சவுக்கு மரங்களின் அடியில். அப்படித் தூங்கக் கூடாது என்று பலகை உண்டு. போலீஸ்காரர் அந்தப் பலகையையும் பார்ப்பார், இவர்களையும் பார்ப்பார், பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்.

பந்திக்கு ஒரு முறை உண்டு. இரட்டையர்களின் படம் கோயிலில் இருப்பதில்லை. வருஷம் முழுக்க ஒருவர் வீட்டில், அணையாத விளக்கோடு இருக்கும், திருவிழாவன்று மட்டும் கோயிலுக்கு வரும். அந்த வீட்டுக்காரர்தான் அடுத்த திருவிழாவுக்கு ஊருக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டும். பந்தி முடிந்ததும் பாதிரியார் படத்தை உயர்த்தி, அடுத்து யார் ஏற்றுக்கொள்வது என்று கேட்பார். நேர்ச்சை உள்ளவர்கள் கையைத் தூக்குவார்கள். முதலில் தூக்கியவர் வீட்டுக்குப் படம் போய்விடும். கொடுத்ததை மாற்றுவதில்லை.

இதில் தீவுக்காரர்கள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்ளும் ஒரு நம்பிக்கை உண்டு. பந்தி போடக் கடமைப்பட்டவரைப் புனிதர்கள் அந்தப் பந்திக்கு முன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் இதைச் சொன்னார். கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டான் என்று டாக்டர்கள் கைவிட்ட ஒரு தச்சன் படத்தை ஏற்றுக்கொண்டானாம். அடுத்த திருவிழாவில் தன் கையாலேயே சாறு ஊற்றினானாம். அதற்கு அப்புறம்தான், ஓரிரு வாரத்தில், போனானாம். கலியோப்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சராந்திஸ் இரண்டாவது தடவை சாறு கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் வசந்தத்தில் கலியோப்பிக்கு மார்பின் ஓரத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஊசியால் அதிலிருந்து கொஞ்சம் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வர நாளாகும், வந்ததும் போனில் கூப்பிடுகிறோம் என்றார்கள். அந்த நோயின் பெயரை அவர்கள் தெருவில் யாரும் வாயால் சொல்வதில்லை, கெட்டது என்பார்கள். சராந்திஸ் அந்தக் கெட்டது என்ற சொல்லைக்கூடச் சொல்லவில்லை. எல்லாம் எப்போதும் போல நடந்தால் இதுவும் எப்போதும் போலக் கடந்துவிடும் என்று அவருக்குள் ஒரு பிடிவாதம். அதே கப்பல், அதே பெஞ்சு, அதே மரத்தடி. செவ்வாய்க்கிழமைப் பயணம் ஆகாது என்று கலியோப்பி சொன்னாள். செவ்வாயன்றுதான் டிக்கெட் மலிவு என்று சொல்லி அவர் அதையே வாங்கினார்.

கப்பல் துறைமுகத்தைத் தாண்டியதும் கலியோப்பி எழுந்து கீழே போனாள். திரும்பி வரும்போது கையில் கப்பல் கடைக் காபி. சராந்திஸ் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் குளிர் எடுத்தது. கலியாணமான நாளிலிருந்து அவள் அந்தக் கடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்கியவள் இல்லை. அவர் திட்ட வாயெடுத்தார், திட்டு வரவில்லை. எவ்வளவு என்றுகூடக் கேட்க முடியவில்லை. அவள் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குடித்தாள். நடுவழியில் வடகாற்று எழுந்தது, கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. எதிர்ப் பெஞ்சுக்காரி மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள். சராந்திஸ் போனை எடுத்துப் பார்த்தார். நடுக்கடலில் சிக்னல் இல்லை. அது அவருக்கு நிம்மதியாக இருந்தது.

கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது சவுக்கு மரங்கள் இல்லை. அடியோடு வெட்டியிருந்தார்கள். தரையோடு தரையாக வெளிறிய வட்டங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. மரங்கள் இருந்த இடத்தில் வைக்கோல் குடைகளும், அவற்றின் கீழ் வெள்ளை மெத்தை போட்ட சாய்வுப் படுக்கைகளும் இருந்தன. தீவில் இரண்டு ஓட்டல் வைத்திருக்கும் யாகுமிஸ் என்பவன் குத்தகைக்கு எடுத்துப் போட்டது என்று அங்கே படுக்கை துடைத்துக்கொண்டிருந்தவன் சொன்னான். இரண்டு படுக்கை, ஒரு குடை, ஒரு நாளைக்கு என்ன வாடகை என்றும் சொன்னான். அந்தக் காசில் நிக்கேயாவில் ஒரு வாரம் சாப்பிடலாம்.

கலியோப்பி ஒரு மெத்தையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். "ஒரு நாள் இதுல படுத்துப் பாக்கணும் சராந்தி. ஒரே ஒரு நாள்."

"நாளைக்குப் பாக்கலாம்," என்றார் சராந்திஸ். அவர் மனைவியிடம் நாளைக்கு என்று சொன்னால் அதற்கு இல்லை என்று அர்த்தம். இருவருக்கும் அது தெரியும். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். அன்றிரவு படகு கட்டும் கொட்டகையின் சுவரோரம் போர்வை விரித்தார்கள். காற்று சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து இருவர் முகத்திலும் மணலை வீசியது. மரம் இருந்திருந்தால் இவ்வளவு அடிக்காது என்று அவர் நினைத்தார். மரம் போனதே சரியில்லை என்றும் நினைத்தார்.

மறுநாள் மாலை கோயிலுக்கு ஏறினார்கள். வழக்கமாகக் கலியோப்பிதான் முன்னால் போவாள், இவர் மூச்சு வாங்கிப் பின்னால் வருவார். இந்த முறை அவள் நின்று நின்று ஏறினாள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார், காற்று தள்ளுகிறது என்றாள். காற்று பின்னாலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. கோயிலுக்குள் கூட்டம் நெரிந்தது. பூசை நடுவில் கதவு அடித்துத் திறந்து படத்துக்கு முன்னாலிருந்த விளக்கு அணைந்தது. அந்த வருஷம் படத்தை வைத்திருந்த விதவை பதறிப்போய்த் திரும்ப ஏற்றினாள். காற்றில் விளக்கு அணைவது உலக வழக்கம்தான், ஆனாலும் சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். சராந்திஸ் பையைத் தடவி போன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பந்தி எப்போதும் போல நடந்தது. அதே நீள மேசை, அதே மண்பானை, அதே சாறு. பாட்டுக் கட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் வாரிப் பாடினார்கள். ஒருவன் சராந்திஸைப் பார்த்து, பாதிரியார் மறந்தாலும் பிரேயுஸ்காரருக்குத் திருவிழாத் தேதி மறக்காது என்று இரண்டடி எடுத்துவிட்டான். மேசையே சிரித்தது, அவரும் கையைத் தூக்கி ஒத்துக்கொண்டார். கலியோப்பி மட்டும் சாப்பிடவில்லை. கறியை அவர் தட்டுக்குத் தள்ளிவிட்டு, பாதிரியாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பாதிரியார் நெக்தாரியோஸ் எழுந்து படத்தை எடுத்தார். பேச்சு நின்றது. அடுத்த வருஷம் யார் வீட்டுக்கு என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. முன்பெல்லாம் கைகள் போட்டி போட்டுக்கொண்டு எழும்; இப்போது ஆடு விற்கிற விலையில் முந்நூறு பேருக்குக் கறி போடுவதென்றால் யாருக்கும் யோசனை வரும். பாதிரியார் இரண்டாம் முறை கேட்டார். ஏற்க ஆளில்லாமல் படம் அநாதையாகக் கோயிலில் தங்கினால் அந்த வருஷம் ஊருக்கு ஆகாது. அது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அந்த அமைதி அவ்வளவு கனமாக இருந்தது. கதவிடுக்கில் காற்று ஊளையிடுவது மட்டும் கேட்டது.

மூன்றாம் முறை கேட்டபோது சராந்திஸின் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. கலியோப்பியின் கை.

அவர் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன். வாழ்நாள் முழுக்கக் கடைத்தெருவில், சந்தையில், திருவிழாவில் அவள் கை எதையாவது காட்ட நீளும்போதெல்லாம் பிடித்து இறக்கிய பழக்கம். இப்போதும் மணிக்கட்டைப் பிடித்து மேசைக்குக் கீழே இழுத்துவிட்டார். "பைத்தியமா உனக்கு? முந்நூறு பேருக்கு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அந்த நொடியில் பின்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல், நான் எடுத்துக்கொள்கிறேன் சாமி, என்றது. யாகுமிஸ். மரங்களை வெட்டியவன். ஊரே பெருமூச்சு விட்டு அவனை வாழ்த்தியது. அவன் வந்து படத்தை முத்தமிட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

சராந்திஸின் பிடியில் அவள் மணிக்கட்டு இன்னும் இருந்தது. எலும்பு மட்டும்தான் கையில் தட்டுப்பட்டது. எப்போது இவ்வளவு இளைத்தாள் என்று திகைத்தார். அப்போதுதான் அந்தத் தச்சனின் கதை அவருக்கு ஞாபகம் வந்தது.

கலியோப்பி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, மேசைமேல் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒரு பக்கமாகக் கூட்டினாள்.

"முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடணும்னா அதுக்கு நான் இருந்தாகணும்ல, சராந்தி. அவ்ளோதான் நெனச்சேன்."

சராந்திஸ் எழுந்து ஓடினார். எழுபதை நெருங்குகிற மனிதர், பெஞ்சுகளைத் தாண்டி, கால்களை மிதித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து, இன்னொரு பந்தி எங்கோ போடுகிறார்கள் போல என்று பாட்டுக்காரன் சொன்னான். முற்றத்துச் சுவரோரம் யாகுமிஸைப் பிடித்தார். படத்தைத் தனக்குத் தந்துவிடும்படி கேட்டார். பட்டறைக்காரரின் முரட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார். பந்திச் செலவு எவ்வளவானாலும் தருகிறேன், முந்நூறு இல்லை, நானூறு பேருக்குப் போடுகிறேன், படம் தீவை விட்டுப் போகக் கூடாதென்றால் இங்கேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்துக் குளிர்காலம் முழுக்க இருக்கிறோம் என்றார். அத்தனை வருஷம் வாயில் வராத சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் காரணத்தையும் சொன்னார். அந்த நோயின் பெயரை வாய்விட்டே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார்.

யாகுமிஸ் அவர் நினைத்த மாதிரி ஆள் இல்லை. படத்தைக் காற்றுப் படாமல் கோட்டுக்குள் மறைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். தன் மகளுக்கு இரண்டு குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது, இப்போது மூன்றாவது, ஏழாம் மாதம், நேற்றிலிருந்து வலி என்று ஆதென்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றான். அவனும் மூன்றாம் முறை கேட்கும்வரை யோசித்துக்கொண்டுதான் நின்றானாம். சராந்திஸின் கூப்பிய கை தானாகக் கீழே இறங்கியது.

"மன்னிச்சுக்குங்க பெரியவரே. வாங்கினத என்னால திருப்பிக் குடுக்க முடியாது," என்றான் யாகுமிஸ். பிறகு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அடுத்த வருஷம் உங்க பொண்டாட்டி கையிலதான் குடுப்பேன். இது சத்தியம்."

அடுத்த வருஷம். நல்ல மனதோடுதான் சொன்னான். சராந்திஸ் தலையை மட்டும் ஆட்டினார். அந்த அடுத்த வருஷம் ஒன்றைத்தான் அவள் அங்கே கேட்டாள். அதைத்தான் இவர் மேசைக்குக் கீழே இழுத்துவிட்டார்.

இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டகைச் சுவரோரம் அவள் தூங்கினாள் என்று அவர் நினைத்துக்கொண்டார், அவர் தூங்கினார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காலையில் காற்று சட்டென்று நின்றிருந்தது. கடல் அசையவே இல்லை. இவ்வளவு வருஷத்தில் அந்தக் கடற்கரையை அப்படிச் சத்தமில்லாமல் சராந்திஸ் பார்த்ததில்லை, அது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. கலியோப்பி முகம் கழுவப் போன நேரத்தில், அவர் நேராகப் படுக்கை துடைப்பவனிடம் போய், முன்வரிசையில், தண்ணீருக்குப் பக்கத்தில் இரண்டு கேட்டார். உள்சட்டையில் தைத்து வைத்திருந்த பையைப் பிரித்துக் காசை எண்ணாமல் நீட்டினார். ஐஸ் போட்ட காபி இரண்டும் சொன்னார். அவன் மீதியைத் திருப்பிக் கொடுத்தபோது, வைத்துக்கொள் என்றார். அந்தச் சொல் அவர் வாயில் எப்படி ஒலிக்கும் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கலியோப்பி வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெத்தையில் சாய்ந்தாள். கால்களை நீட்டி, முதுகை அழுத்தி, ஒருமுறை இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். வீட்டுக் கட்டில் தேவலை என்று சொல்லிச் சிரித்தாள். காபி வந்தது. ஓர் உறிஞ்சு உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டாள். வைக்கோல் குடையின் நிழல் அவள் கழுத்துவரை விழுந்திருந்தது.

அப்போது பைக்குள் போன் அடித்தது.

சராந்திஸ் எடுத்துப் பார்த்தார். ஆதென்ஸ் எண். யார் பெயரும் இல்லாத எண். அதை அவளிடம் நீட்டவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. உள்ளங்கையில் அது துடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

கலியோப்பி கண்ணைத் திறக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்கட்டும், திரும்பக் கூப்பிடுவாங்க," என்றாள். "காசு குடுத்து வாங்கியிருக்கோம் சராந்தி. இதக் குடிச்சு முடிச்சிடறேன்."